அம்மாவுக்கு மேற்கு அறை, மூத்தவனுக்கு ரெண்டு பங்கு: காலனி கால மாசசூசெட்ஸ் விவசாயியோட பாகப்பிரிவினை

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கா இன்னும் பிரிட்டிஷ் காலனியா இருந்த காலம். 1700கள்ல மாசசூசெட்ஸ்ல ஒரு நடுத்தர விவசாயி இறந்துட்டா அவர் நிலம், வீடு, மாடு எல்லாம் யார் யாருக்கு எப்படிப் போச்சு? இன்னைக்குக் கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

உயில் இல்லாம இறந்தா என்ன ஆகும்ங்கறதுல ஆரம்பிக்கறேன். அது புரிஞ்சாதான் உயில்ல ஏன் அப்படியெல்லாம் எழுதினாங்கன்னு புரியும். அங்க 1692ல வந்த சட்டப்படி, கடன் போக மிஞ்சற அசையும் சொத்துல மூணுல ஒரு பங்கு மனைவிக்கே சொந்தம். நிலத்துலயும் வீட்டுலயும் மூணுல ஒரு பங்கு அவங்க உயிரோட இருக்கற வரைக்கும் அனுபவிக்கலாம், விக்க முடியாது. மிச்சம் பிள்ளைங்களுக்கு. பொண்ணுங்களுக்கும் பங்கு உண்டு. ஆனா மூத்த மகனுக்கு மட்டும் ரெண்டு பங்கு. இது பைபிள்ல உபாகமம் 21ஆம் அதிகாரத்துல இருந்து எடுத்தது. 1641லயே அந்தக் காலனியோட சட்டத்துல இது ஏறிடுச்சு.

இப்ப ஒரு மாதிரிக் கணக்கு. மனைவி, 3 பையன், 2 பொண்ணு. கடன் அடைச்ச பிறகு அசையும் சொத்து 90 பவுண்டு, நிலமும் வீடும் 180 பவுண்டுன்னு வெச்சுக்கோங்க. 90ல 30 அம்மாவுக்கு. பிள்ளைங்க அஞ்சு பேர், ஆனா மூத்தவனுக்கு ரெட்டைங்கறதால 60ஐ ஆறாப் பிரிக்கணும். மூத்தவனுக்கு 20, மத்த நாலு பேருக்கும் ஆளுக்கு 10. நிலத்துல 60 பவுண்டு மதிப்பு அம்மாவோட அனுபவத்துல நிக்குது. மீதி 120ஐயும் ஆறாப் போட்டா மூத்தவனுக்கு 40, மத்தவங்களுக்கு 20, 20.

காகிதத்துல சுலபமா இருக்கு, நிலத்துல முடியாது. ஒரு பண்ணைன்னா உழவு நிலம், வைக்கோலுக்குப் புல்வெளி, மேய்ச்சல், விறகுக்கு மரக்காடு, நாலும் வேணும். ஆறு துண்டாப் போட்டா ஒருத்தனுக்குப் புல் இருக்கும், விறகு இருக்காது. பனிக்காலம் முழுக்க மாட்டைக் கொட்டகையில கட்டித் தீனி போடற ஊர் அது. புல்வெளி இல்லாத பங்கு மாடு இல்லாத பங்குதான். அதனால, பிரிச்சா பண்ணை கெட்டுடும்னு தெரிஞ்சா இறந்தவங்க உயில், சொத்து விவகாரத்தைப் பார்க்கற நீதிபதி மொத்தத்தையும் மூத்தவன் பேர்ல எழுதி, மத்தவங்க பங்கைப் பணமா குடுன்னு உத்தரவு போடலாம். நம்ம கணக்குல அவன் 80 பவுண்டு குடுக்கணும். கையில காசு புழங்காத ஊர்ல 80 பவுண்டுங்கறது பல வருஷக் கடன்.

உயில் எழுதறவர் இதை எல்லாம் முன்கூட்டியே சரி பண்ணப் பார்ப்பார். நிலம் ஒரு மகனுக்கோ ரெண்டு பேருக்கோ. அவங்க தங்கச்சிங்களுக்கு இத்தனை வருஷத்துக்குள்ள இத்தனை பவுண்டு குடுக்கணும், அது நிலத்து மேல சுமை. கல்யாணம் ஆன பொண்ணுக்கு மெத்தை, பித்தளைக் கெண்டி, பசுன்னு ஏற்கெனவே குடுத்திருந்தா அதையும் பங்குல கழிச்சிடுவாங்க. உயில்ல ஒரு மகனுக்கு வெறும் 5 ஷில்லிங், அதாவது கால் பவுண்டுன்னு இருந்தா உடனே அப்பாவுக்குக் கோபம்னு முடிவு பண்ணிடாதீங்க. பெரும்பாலும் அவன் பங்கை முன்னாடியே பத்திரம் எழுதிக் குடுத்திருப்பாங்க. பேரே வராத பிள்ளை, மறந்துட்டாங்கன்னு சொல்லிப் பங்கு கேட்க வழி இருந்தது. அதை அடைக்கத்தான் அந்த 5 ஷில்லிங்.

இந்த மாதிரி உயில்ல நான் ரொம்ப மதிக்கற இடம் மனைவிக்கான பத்திதான். திரையில வரைபடம் போட்டிருக்கேன், பாருங்க. நடுவுல ஒரே பெரிய புகைபோக்கி, அதுக்கு ரெண்டு பக்கமும் கீழ ஒவ்வொரு அறை, மேல ஒவ்வொரு அறை. அம்மாவுக்கு மேற்கு அறைன்னு மட்டும் எழுதினா போதாது. ரொட்டி அடுப்பு கிழக்கு அறையில இருக்கு. நிலவறைக்கு வழி அங்கதான். கிணறு முற்றத்துல. அதனால அடுப்பைப் பயன்படுத்தற உரிமை, நிலவறையில பாதி, படிக்கட்டுல ஏறி இறங்க உரிமை, கிணத்துல தண்ணி எடுக்க உரிமைன்னு ஒவ்வொண்ணாப் பேர் சொல்லி எழுதுவாங்க. அப்புறம் மகன் வருஷா வருஷம் தர வேண்டியது: 10 புஷல் மக்காச்சோளம், பன்றி இறைச்சி, ஆப்பிள் சைடர், கம்பளி, கோடையிலயும் பனியிலயும் ஒரு பசுவுக்குத் தீனின்னு போகும். ஒரு புஷல்னா சுமார் 35 லிட்டர். விறகை மட்டும் பாருங்க: அடுப்புக்கு ஏத்த அளவுல வெட்டி, வாசல்ல கொண்டுவந்து போடணும். காட்டுல கிடக்கற மரம் வயசான அம்மாவுக்கு விறகு ஆகாது, அது எழுதினவருக்குத் தெரியும். மருமகளோட நாளைக்கு என்ன சண்டை வரும்னு யோசிச்சு எழுதின பத்தி இது.

பல உயில்ல "என் விதவையா இருக்கற வரைக்கும்"னு ஒரு நிபந்தனை இருக்கும். மறுகல்யாணம் ஆனா அறை போச்சு. உயில் குடுக்கறது கம்மின்னு பட்டா அதை விட்டுட்டு சட்டப்படியான மூணுல ஒண்ணைக் கேட்க அம்மாவுக்கு வழி உண்டு.

எங்க தப்பு நடக்கும்? நிலத்துக்கான உயிலுக்கு மூணு சாட்சி வேணும், ரெண்டுன்னா நிலம் போகாது. "அவனுக்கும் அவன் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும்"ங்கற சொல் விட்டுப்போனா, மகனுக்கு ஆயுள் காலத்துக்கு மட்டும்தான் குடுத்தார்னு வழக்கு வரலாம். எல்லைக்கு ஒரு ஓக் மரத்தையோ கல் குவியலையோ அடையாளமா எழுதுவாங்க. மரம் விழுந்தா தகராறு. நில அளவைக்காரர் 66 அடிச் சங்கிலி போட்டு மறுபடி அளக்கணும். அந்தச் சங்கிலியில 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர்.

இறந்த பிறகு பொதுவா மூணு அக்கம்பக்கத்துக்காரங்க வீடு முழுக்க அறை அறையா நடந்து ஒவ்வொரு சாமானுக்கும் விலை எழுதுவாங்க. வீட்டுச் சாமான்ல விலை கூடினது பெரும்பாலும் இறகு மெத்தைப் படுக்கைதான். சில வீடுகள்ல அதே பட்டியல்ல, மாட்டுக்கும் கலப்பைக்கும் நடுவுல, அடிமையா வெச்சிருந்த மனுஷங்களோட பேரும் விலையும் இருக்கும். பங்கு பிரிக்கறப்ப தாய் ஒரு வீட்டுக்கும் பிள்ளை ஒரு வீட்டுக்கும் போன கொடுமை அந்தக் காகிதத்துக்குள்ள இருக்கு. படிக்கறப்ப அந்த வரியைத் தாண்டிப் போயிடாதீங்க.

வர்ஜீனியாவுல விஷயம் வேற. அங்க உயில் இல்லைன்னா நிலம் முழுக்க மூத்த மகனுக்கு. 1785ல சட்டம் போட்டுத்தான் அதை எடுத்தாங்க. மாசசூசெட்ஸ்ல ரெட்டைப் பங்கு 1789 வரைக்கும் இருந்தது.

நம்ம கணக்குல இன்னும் ஒண்ணு பாக்கி. அம்மா இறந்ததும் அந்த 60 பவுண்டு நிலம் திரும்ப வரும். அதையும் ஆறாப் போடணும்: மூத்தவனுக்கு 20, மத்த நாலு பேருக்கும் 10, 10. நிலத்தை அவனே வெச்சுக்கிட்டா இன்னும் 40 பவுண்டு அவன் குடுத்தாகணும்.