வீடே நன்று, மருத்துவிச்சி பக்கத்தில் இருந்தால்

நடுவர் அவர்களே, கொழும்பு வெள்ளவத்தையில் இந்த மாலை கூடியிருக்கும் அன்பர்களே, வணக்கம்.

"பிள்ளைப்பேற்றுக்கு உகந்தது வீடா, வைத்தியசாலையா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் கணக்கோடு வந்தார். ஒரு காலத்தில் இலங்கையில் இலட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் தாய்மார் இறந்தார்கள். இன்று 99 வீதத்துக்கும் மேலான பிள்ளைகள் வைத்தியசாலையில் பிறக்கின்றன, மரணமும் குறைந்துவிட்டது, ஆகவே வீடு வேண்டாம் என்றார். கணக்கு சரி. இடையில் ஒருவரை விட்டுவிட்டார். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய பிறகு, வீடு தேடி வந்த அரச மருத்துவிச்சியைத்தான் சொல்கிறேன். மலேரியா ஒழிப்புக்கும் அன்டிபயோட்டிக் மருந்துக்கும் பெரிய பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் மரணம் சரியத் தொடங்கிய அந்த ஆண்டுகளில் ஏராளமான பிள்ளைகள் வீட்டில்தான் பிறந்தன.

யாருக்கு வீடு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைப் பிள்ளை, தலை கீழே, 37 வாரம் நிறைந்து 42ஐத் தாண்டாத கர்ப்பம். முன்பு சிசேரியன் இல்லை. சீனி வருத்தம், இரத்த அழுத்தம், இரத்தச்சோகை இல்லை. இதில் ஒன்று பிசகினாலும் வைத்தியசாலைதான்.

2011இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஆபத்துக் குறைந்த 64,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தது. வைத்தியர் பிரிவில் பிரசவிக்கத் திட்டமிட்டவர்களில் 11.1 வீதத்தினருக்குச் சிசேரியன். வீட்டில் திட்டமிட்டவர்களில் 2.8 வீதம். பிறப்புறுப்பில் வெட்டு 19.3 வீதம், வீட்டில் 5.4. இரண்டாம் பிள்ளை முதல், குழந்தைக்கு ஆபத்துக் கூடவில்லை. முதற்பிள்ளைக்குக் கூடியது: ஆயிரத்துக்கு 5.3 என்றிருந்த பாரதூரமான விளைவு 9.3 ஆனது. அதனால் முதற்பிள்ளைக்காக எங்கள் அணி வாதாடவில்லை. அந்தத் தாய்க்கு வைத்தியசாலை வளவுக்குள்ளேயே மருத்துவிச்சி நடத்தும் பிரிவு வேண்டும் என்போம்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? சுவரில் இல்லை, நடுவர் அவர்களே. பல கட்டில்களை ஓடி ஓடிப் பார்ப்பவரால் ஒரு தாயோடு இருக்க முடியாது. வீட்டில் ஒரு தாய்க்கு ஒரு மருத்துவிச்சி. தாய் நடக்கலாம், குந்தலாம், முழங்காலில் நின்று கட்டிலைப் பிடிக்கலாம். மல்லாக்கப் படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக்குழாயை அழுத்திப் பிள்ளைக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். நிமிர்ந்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

மருத்துவிச்சியின் கையைப் பாருங்கள். ஒரு பிரசவக் குத்து (வலி) அடங்கிய உடனே, இதயத்துடிப்பைக் கேட்க உதவும் டொப்ளர் கருவியை வயிற்றில் வைத்து, முழுசாக ஒரு நிமிடம் பிள்ளையின் இதயத்துடிப்பை எண்ணுகிறார். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை. தாய் முக்கத் தொடங்கினால் 5 நிமிடத்துக்கு ஒன்று. 110க்கும் 160க்கும் இடையில் இருக்க வேண்டும். குத்து முடிந்த பிறகும் துடிப்பு விழுந்தே கிடந்தாலோ, பனிக்குட நீர் பச்சையாகக் கட்டியாக வந்தாலோ, தாயின் பிரஷர் 140/90ஐத் தொட்டாலோ புறப்பட வேண்டியதுதான். தலை தெரியும்வரை பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

"காலி வீதி நெரிசலில் எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 36ஆம் வாரத்திலேயே மருத்துவிச்சி வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும்: மாடிக்குடியிருப்பு லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையுமா, மாலை ஐந்து மணிக்கு வைத்தியசாலைக்கு எத்தனை நிமிடம், 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் எந்த வாசலில் நிற்கலாம். கடிகாரம் வைத்துப் பார்த்த நேரம் ஒத்துவராவிட்டால் அந்த வீட்டில் பிரசவம் இல்லை. மின்சாரம் போனால் டோர்ச், பிள்ளை மூச்சுவிடாவிட்டால் காற்றுக் கொடுக்கும் பையும் முகமூடியும், முதல் நாளே சோதித்து வைத்தபடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இந்த ஊர் வெக்கையில் பலர் மறப்பது இரண்டு. ஒன்று மின்விசிறி. தலை வெளிவரும்போது அதை நிறுத்துங்கள். ஈர உடம்பில் காற்றுப்பட்டால் பிள்ளை குளிர்ந்துவிடும். துடைத்து, தாயின் வெறும் மார்பில் வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் விட்டால் பிள்ளைக்கு இரத்தம் கூடுதலாகச் சேரும். மற்றது ஒக்சிடோசின், கருப்பையை இறுக்கி இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஊசி. அது 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய மருந்து. வெக்கையில் கைப்பையில் கிடந்தால் வீரியம் குறையும், ஊசி போட்டும் இரத்தம் நிற்காமல் போகலாம். ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுவந்து, பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 அலகு தாயின் தசையில் போட வேண்டும்.

உலகளவில் தாய்மாரைக் கொல்வதில் முன்னிற்பது இரத்தப்பெருக்கு என்று எதிரணியினர் சொன்னது உண்மை. அதனால்தான் நஞ்சுக்கொடி முழுசாக வந்ததா என்று மருத்துவிச்சி வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் கருப்பை இறுகாது. பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறை அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார். பந்துபோல இறுகியிருந்தால் சரி. தளர்ந்தால் தடவி இறுக்குவார். போன இரத்தம் 500 மில்லிலீட்டரைத் தாண்டினால் அம்புலன்ஸை அழைப்பார். பிள்ளை பிறந்த பிறகு முதல் இரண்டு மணித்தியாலமும் அவர் தாயின் பக்கத்தை விட்டு எழும்புவதில்லை.