நார் அல்ல, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ரஷ்ய இசையமைப்பாளர் செர்கேய் புரோகோஃபியெவுக்கும் செலோ என்னும், வயலின் குடும்பத்துப் பெரிய நரம்புக் கருவியை வாசித்த இளம் கலைஞர் ம்ஸ்திஸ்லாவ் ரொஸ்ட்ரோபோவிச்சுக்கும் ஏற்பட்ட பழக்கத்தால் பெரிதும் பயன்பெற்றவர் யார் என்னும் வழக்கில், இசையமைப்பாளரே என்று வாதாட எங்கள் அணி வந்திருக்கிறது.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்றார் எதிரணித் தலைவர். தம்மைவிட 36 வயது மூத்த மேதையிடம் அந்த இளைஞர் கற்றது ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் 1945-இல், 18 வயதிலேயே, சோவியத் நாடு தழுவிய இசைப் போட்டியில் முதல் பரிசு வென்றவரை நார் என்பது நியாயமா? பூவின் நிலைமையையும் சற்றுப் பார்ப்போம்.

புரோகோஃபியெவின் முதல் செலோ கான்செர்டோ, அதாவது செலோவை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ரா என்னும் பெரிய இசைக்குழுவோடு வாசிக்கும் படைப்பு, 1938-இல் மாஸ்கோவில் அரங்கேறி, வரவேற்பின்றிப் போய், ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதைத் தேடி எடுத்து, ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் பியானோவின் துணையோடு மட்டும் வாசித்தவர் 20 வயது ரொஸ்ட்ரோபோவிச். அவையில் இருந்து கேட்ட புரோகோஃபியெவ், கச்சேரி முடிந்ததும் அவரிடம் சென்று, இந்தப் படைப்பைத் திருத்தி எழுதப்போவதாகச் சொன்னார். கைவிடப்பட்ட பிள்ளையின் மீது பெற்றவருக்கே மீண்டும் பாசம் பிறந்த கதை இது.

1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சித் தீர்மானம் புரோகோஃபியெவை வடிவவாதி, அதாவது மக்களுக்கு எட்டாமல் வெறும் வடிவத்துக்காக இசை எழுதுபவர், என்று கண்டித்தது. அவருடைய பல படைப்புகளை வாசிக்கவே அரங்குகள் தயங்கின. 1945-இல் கீழே விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து, எழுதும் நேரத்தையே மருத்துவர்கள் அளந்து கொடுத்த உடல்நிலை வேறு. அந்த நாள்களில் அவர் எழுதிய செலோ சொனாட்டாவை, அதாவது செலோவும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, 1950-இல் பியானோ கலைஞர் ரிக்டரோடு அரங்கேற்றியவரும், கோடைக்காலங்களில் நிகோலினா கோரா கிராமத்து வீட்டில் உடன் தங்கி, கான்செர்டோவைத் திருத்தி எழுதும் வேலையில் செலோவின் நுட்பங்களை எடுத்துச் சொன்னவரும் இந்த இளைஞர்தான். புதிய வடிவம் 1952 பிப்ரவரியில் மேடையேறியபோது ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் அதே ரிக்டர்; அந்தப் பியானோ மேதை வாழ்நாளில் அந்த ஒரே ஒரு முறைதான் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கோலை ஏந்தினார்.

குருவின் மறைவோடு கணக்கு முடிந்தது என்றும் எதிரணியினர் சொன்னார்கள். 1953 மார்ச் 5 அன்று, ஸ்டாலின் இறந்த அதே நாளில், புரோகோஃபியெவ் கண்மூடியபோது, செலோவுக்கான கான்செர்ட்டினோ, அதாவது சிறிய கான்செர்டோ, ஒன்று பாதியில் நின்றிருந்தது. அதை முடித்துக் கொடுத்தவர்கள் இசையமைப்பாளர் கபலேவ்ஸ்கியும், எதிரணியினர் நார் என்று சொன்ன அதே இளைஞரும்தான், நடுவர் அவர்களே.