பேனாவைப் பிடுங்காமல் சொல்லிக்கொடுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருக்கிறது. பள்ளிகளில் திருப்புதல் தேர்வுகள் நடக்கின்றன. பொழுது சாய்ந்தால் பென்னாகரம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை பக்கத்து ஊர்களில் நாலைந்து பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தோடு ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். சேர்ந்து படிப்பது நல்ல பழக்கம். அது எப்படி நடந்தால் மதிப்பெண்ணாக மாறும், எங்கே வீணாகிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

பல திண்ணைகளில் நடப்பது இதுதான். கணக்கு நன்றாக வரும் பிள்ளை நோட்டை வாங்கி மளமளவென்று போடுகிறது. மற்றவர்கள் பார்க்கிறார்கள். “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது.” அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் அதே கணக்கை வெறும் தாளில் போடச் சொன்னால் இரண்டாவது வரியிலேயே கை நின்றுவிடுகிறது. “புரிஞ்சுது” என்று சொன்ன பிள்ளை பொய் சொல்லவில்லை. அடுத்தவர் போடும்போது ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் தெரியும். அடுத்த வரி என்ன என்று தானே முடிவெடுக்கும் வேலை மட்டும் அந்தப் பிள்ளைக்கு நடக்கவே இல்லை. தேர்வு அறையில் கேட்பது அந்த வேலையைத்தான்.

அதனால் குழுவுக்கு ஒரே ஒரு சட்டம் போதும். சொல்லிக்கொடுப்பவர் பேனாவைத் தொடக் கூடாது. சந்தேகம் யாருக்கோ, பேனா அவர் கையிலேயே இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் வாயால் மட்டும் உதவலாம். அதுவும் விடையாக இல்லாமல் கேள்வியாக. “என்ன கொடுத்திருக்காங்க? என்ன கேக்குறாங்க? இந்த வரி எங்கிருந்து வந்துச்சு?” இந்த மூன்று கேள்விகளே பாதிக் கணக்கைத் திறந்துவிடும்.

குழு எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். ஐந்தாவது ஆள் வந்தால் ஒருவர் சும்மா இருப்பார். ஒரே வகுப்பு, ஒரே ரேங்க் என்று பார்க்காமல் ஒரே ஊர், ஒரே தெரு என்று சேருங்கள். நம் பகுதியில் சாயங்கால டவுன் பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேருவதே பாடு. அஞ்செட்டி, கோட்டப்பட்டி மாதிரி மலையோர ஊர்ப் பிள்ளைகள் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீடு சேரவே இருட்டிவிடும். அதற்குப் பிறகு இன்னொரு ஊருக்குப் போய்ப் படிக்க முடியாது.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குக் கணக்கு வருகிறது, ‘கிடைமட்டம்’, ‘சாய்வு’, ‘நேர்மாறல்’ என்ற சொற்கள்தான் தடுக்கின்றன. வீட்டு மொழியிலேயே விளக்குங்கள், தாராளமாக. ஆனால் தாளில் எழுதும் சொல் பாடப்புத்தகச் சொல்லாக இருக்கட்டும். இப்படிப்பட்ட சொற்களை ஒரு அட்டையில் எழுதித் திண்ணைச் சுவரில் ஒட்டிவைத்தால் இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

இப்போது ஒரு கணக்கைக் கிட்டத்தில் பார்ப்போம். கையில் தாள் இருந்தால் கூடவே எழுதுங்கள். எட்டு மதிப்பெண் வரைபடக் கணக்கு. x² + x − 2 என்பதன் வரைபடத்தை வரைந்து, அதைக் கொண்டு x² + 3x + 2 = 0 என்பதைத் தீர்க்க வேண்டும்.

முதலில் அட்டவணை. x-க்கு −4 முதல் 3 வரை போட்டால் y மதிப்புகள் வரிசையாக 10, 4, 0, −2, −2, 0, 4, 10. இதை உரக்கப் படித்துப் பாருங்கள். இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றுதான், கண்ணாடியில் பார்ப்பதுபோல. பரவளையம், அதாவது இந்த வரைபடத்தில் வரும் U வடிவ வளைகோடு, சமச்சீரானது என்பதால் இப்படி வருகிறது. பக்கத்தில் இருப்பவர் கணக்கைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். வரிசையை வாசிக்கச் சொல்லிக் கேட்டாலே போதும். எங்கே கண்ணாடி உடைகிறதோ அங்கே தப்பு. பெரும்பாலும் −3 வரும் இடத்தில் உடையும். மூன்றின் வர்க்கம் ஒன்பது என்று போட்டுவிட்டு, குறையை மறக்காமல் முன்னால் வைத்து −9 என்று எழுதிவிடுவார்கள். 4 வர வேண்டிய இடத்தில் −14 வந்துவிடும். −3-ஐ அடைப்புக்குறிக்குள் எழுதி, குறையையும் சேர்த்து இரண்டு முறை பெருக்கச் சொல்லுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசத்தை எடுங்கள்: −6, −4, −2, 0, 2, 4, 6. இரண்டு இரண்டாக ஏற வேண்டும். எல்லா இருபடிக் கோவைக்கும் கண்ணாடி இப்படி முழு எண்ணில் அமையாது. x ஒன்று ஒன்றாக ஏறும் அட்டவணையில் இந்த வித்தியாசச் சோதனை எப்போதும் நிற்கும். x²-க்கு முன்னால் 1 இருந்தால் ஏற்றம் 2, முன்னால் 2 இருந்தால் ஏற்றம் 4.

அடுத்தது கழித்தல். மேலே y = x² + x − 2. கீழே 0 = x² + 3x + 2. கழித்தால் y = −2x − 4. பரவளையத்தின் மேல் வரைய வேண்டிய நேர்கோடு இதுதான். இந்த இடத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். −2-இலிருந்து +2-ஐக் கழித்தால் −4. அவசரத்தில் அதைச் சுழி என்று போட்டு y = −2x என்று கோடு வரைந்துவிடுவார்கள். அந்தக் கோடும் பரவளையத்தை இரண்டு இடத்தில் வெட்டும். வெட்டுவதால் சரிதான் போலிருக்கிறது என்று நினைத்து, அரைகுறையாக ஒரு எண்ணைப் படித்து எழுதிவிடுவார்கள். சரியான கோடு −2, 0 என்ற புள்ளியிலும் −1, −2 என்ற புள்ளியிலும் வெட்டும். தீர்வு −2, −1. காரணிப்படுத்தினால் (x + 1)(x + 2). வரைபடம் முடிந்ததும் ஓரத்தில் காரணிப்படுத்திச் சரிபார்க்க அரை நிமிடம் போதும். கழித்தலைச் செய்யும்போது கீழ்வரியின் குறிகள் மூன்றையும் மாற்றி, மாற்றிய குறியை அடியில் பென்சிலால் எழுதும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். மனத்தில் மாற்றினால் மூன்றாவது குறி தவறிவிடும்.

வளைகோட்டை ஸ்கேல் வைத்து இணைக்காதீர்கள். அளவுத்திட்டத்தை மேல்மூலையில் எழுதுங்கள். கோட்டின் மேல் அதன் சமன்பாட்டை எழுதுங்கள். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் இந்த மூன்றுக்கும் பார்த்துக்கொடுத்தால் போதும்.

வடிவியலில் வடிவொத்த முக்கோணம், அதாவது ABC என்ற முக்கோணத்தை விகிதப்படி பெரிதாகவோ சிறிதாகவோ வரைவது. விகிதம் 3/5 என்றால் எல்லோரும் போட்டுவிடுவார்கள். 7/3 என்று வந்தால் குழப்பம். B-யிலிருந்து சாய்வாக வரையும் கதிரில் ஏழு சம வில் வெட்ட வேண்டும், அது தெரியும். பிறகு ஏழாவது புள்ளியை C-யோடு சேர்த்துவிடுவார்கள். 3/5-இல் கடைசிப் புள்ளியைச் சேர்த்த பழக்கம் அது. சேர்க்க வேண்டியது எப்போதும் பின்னத்தின் பகுதியில், அதாவது கீழே, உள்ள எண். இங்கே மூன்றாவது புள்ளியை C-யோடு சேர்த்து, ஏழாவது புள்ளி வழியாக அதற்கு இணைகோடு வரைந்தால், அது நீட்டிய BC-யை வெளியே வெட்டும். முக்கோணம் பெரிதாகும். விகிதம் ஒன்றைவிடக் கூடவா குறைவா என்று உதவிப்படம் போடும்போதே நண்பரைக் கேளுங்கள். “பெருசாகணுமா, சின்னதாகணுமா?” இதற்குப் பதில் சொல்லிவிட்டு வரைந்தால் தப்பு தானாகவே கண்ணில் படும்.

அடிப்பக்கம் 5 செ.மீ., உச்சிக்கோணம் 30°, குத்துயரம் 4.2 செ.மீ. என்று ஒரு கணக்கு. 30° கோணத்தை அடிப்பக்கத்துக்குக் கீழே வரைய வேண்டும். மேலே வரைந்துவிட்டால், உச்சி அமைய வேண்டிய வட்டத்தின் மையம் கீழே போய்விடும். அப்போது 4.2 செ.மீ. உயரத்தில் வரையும் இணைகோடு வட்டத்தைத் தொடவே தொடாது. அப்படி ஆனால் அழித்துவிட்டு ஆரத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள் சிலர். வேண்டாம். கோணம் எந்தப் பக்கம் என்பதை முதலில் பாருங்கள். சரியாக வரைந்தால் ஆரம் 5 செ.மீ. வரும், கோடு வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டும், இரண்டில் எதை எடுத்தாலும் சரி.

முக்கோணவியலில் உயரமும் தொலைவும். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மேல் நிற்கும் ஒருவர் கீழே ரோட்டில் வரும் வண்டியைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிற்கும் இடம் தரையிலிருந்து 60 மீட்டர் என்றும் இறக்கக்கோணம் 30° என்றும் கணக்குக்காகச் சொல்கிறேன். வண்டி இருக்கும் தூரம் 60√3, அதாவது சுமார் 103.9 மீட்டர். கோணத்தைப் பார்வையின் கிடைமட்டக் கோட்டிலிருந்து அளக்காமல் பாறையின் செங்குத்திலிருந்து அளந்து குறித்தால் 34.6 மீட்டர் என்று வரும். கோணம் 45°-ஐவிடச் சின்னதா? தூரம் உயரத்தைவிடக் கூட வர வேண்டும். இதை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவியலைச் சுருக்கமாக: விட்டத்தைக் கொடுத்தால் பாதியாக்கி எழுதிவிட்டுத்தான் சூத்திரத்தைத் தொட வேண்டும். விட்டத்தையே ஆரமாகப் போட்டால் உருளையின் கன அளவு நான்கு மடங்காகும், கோளத்துக்கு எட்டு மடங்காகும். புள்ளியியலில் திட்டவிலக்கம் கேட்டால் கடைசி வர்க்கமூலத்தை மறக்கிறார்கள். தேல்ஸ் தேற்றம் மாதிரி தேற்றங்களுக்கு மட்டும் வாய்ப்பாடம் உதவும். ஒருவர் ‘கொடுக்கப்பட்டவை’ என்று தொடங்க, அடுத்தவர் ‘நிரூபிக்க’, மூன்றாமவர் ‘அமைப்பு’ என்று மாறி மாறிச் சொல்லி, கடைசியில் ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும்.

சேர்ந்து படிப்பதில் நான் மிக உயர்வாக மதிப்பது தாள் திருத்துவதைத்தான். ஐந்து மதிப்பெண் கணக்கு இரண்டு, இரண்டு மதிப்பெண் கணக்கு மூன்று. அரை மணி நேரம் பேசாமல் எழுதுங்கள். பிறகு தாளை மாற்றிக்கொள்ளுங்கள். திருத்துபவர் சரியான விடையை எழுதிக்கொடுக்கக் கூடாது. தப்பு தொடங்கும் வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எழுதியவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்த தப்பை யாரும் மறப்பதில்லை. திருத்துபவருக்கும் லாபம் உண்டு. பொதுத்தேர்வில் படிநிலை மதிப்பெண் உண்டல்லவா? விடை தப்பானாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் கிடைக்கும். அடுத்தவர் தாளில் சூத்திரம் எழுதாமல் நேராக எண்ணைப் போட்ட இடத்தைப் பார்த்தபிறகு, தன் தாளில் அந்தப் படியை விட மனம் வராது.

திண்ணையில் நன்றாகப் படிக்கும் பிள்ளையின் அம்மா அப்பாவுக்கு ஒரு வார்த்தை. “ஊரானுக்குச் சொல்லிக்கொடுத்தே உன் நேரம் போகுது” என்று கடிந்துகொள்ளாதீர்கள். ‘இந்த வரி எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் அந்தப் பிள்ளைக்கே அந்த இடம் முழுதாகப் பிடிபடுகிறது. 28-ஆம் வினாவும் 42-ஆம் வினாவும் கட்டாய வினாக்கள். தேர்ந்தெடுக்க வழியில்லை. நூறு எடுக்க நினைக்கும் பிள்ளையை அந்த இரண்டும் எந்தப் பாடத்திலிருந்தும் சோதிக்கலாம். நேரம் போகிறது என்ற கவலை இருந்தால் ஒரு நாளைக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று வரம்பு வையுங்கள். அதற்கு மேல் அவரவர் தனியாகப் படிக்கட்டும்.

தேர்ச்சியே சந்தேகம் என்று பயப்படும் பிள்ளை குழுவில் இருந்தால், எட்டுப் பாடத்தையும் அவர் தலையில் ஏற்றாதீர்கள். கணக்கு இப்படி: வரைபடம், வடிவியல் இரண்டும் சேர்ந்து 16. ஒரு மதிப்பெண் வினா 14-இல் 9. இரண்டு மதிப்பெண் வினாவில் ஐந்து சரி என்றால் 10. கூட்டினால் 35. ஐந்து மதிப்பெண் பகுதியில் எழுதும் ஒவ்வொரு சரியான படியும் அதற்கு மேல். இந்த வரிசையிலேயே அவரோடு உட்காருங்கள்: தினமும் ஒரு படம், புக் பேக் ஒரு மதிப்பெண் பத்து. ஒரு மதிப்பெண் விடையை எழுதும்போது விடைக்கு முன்னால் உள்ள குறியீட்டையும் விடையையும் சேர்த்தே எழுதப் பழக்குங்கள். வினாத்தாளிலேயே அப்படித்தான் கேட்டிருப்பார்கள். எந்தக் காரணத்துக்கும் “இதுகூடத் தெரியலையா?” என்ற சொல் திண்ணையில் வரக் கூடாது. அதைக் கேட்ட பிள்ளை மறுநாள் சந்தேகம் கேட்காது, “புரிஞ்சுது” என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

இந்த வருஷம் எந்தக் கேள்வி வரும் என்று போனில் தேடும் பேச்சைத் தொடங்கவே விடாதீர்கள். அரை மணி நேரம் போனது தெரியாது. ஒரு கணக்குக்கூட நோட்டில் ஏறியிருக்காது.

தேர்வுக்கு முந்தின நாள் புதுக் கணக்கு வேண்டாம். ஒருவர் ஜாமெட்ரி பாக்ஸை இன்னொருவர் வாங்கிப் பாருங்கள். காம்பஸின் திருகு தளர்ந்திருந்தால் வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேராது, இறுக்கிக்கொடுங்கள். காம்பஸில் மாட்டும் பென்சில் துண்டாக இருக்கட்டும், கூர் ஊசியின் நுனியோடு சமமாக நிற்கட்டும். சீவிய பென்சில் இரண்டு, 15 செ.மீ. ஸ்கேல், பாகைமானி, மூலைமட்டம். காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். முதல் பத்து நிமிடம் படிக்க மட்டும். அந்தப் பத்து நிமிடத்தில், எட்டு மதிப்பெண் வினாக்களான 43, 44 இரண்டிலும் எந்தப் பிரிவை எழுதப்போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும். இதையும் இன்றே திண்ணையில் ஒரு பழைய வினாத்தாளை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, ஆளுக்கு ஒரு முறை செய்து பாருங்கள்.

நன்றி, வணக்கம்.