முறிஞ்ச எலும்பை ஒட்டுறது பிளாஸ்டர் இல்லை

எல்லாருக்கும் வணக்கம், கிளிநொச்சியிலயிருந்து கதைக்கிறன். மழைக்கு வரம்பில சறுக்கிக் கையை ஊண்டினது, ஏ9 வீதியில மாடு குறுக்க வந்து மோட்டச்சைக்கிளால விழுந்தது எண்டு வன்னியில கையோ காலோ முறியாத வீடு குறைவு. ரெண்டு மூண்டு கிழமையில நோ போயிட்டுது, பிளாஸ்டரைக் கழட்டினா என்ன எண்டு கனபேர் கேக்கிறியள். கழட்டாதேங்கோ. ஏனெண்டு சொல்லுறன்.

முதல் இந்த ரெண்டு கோழிக்கால் எலும்பையும் கிட்டப் பாருங்கோ. இது ஒரு கிழமை வினாகிரியில ஊறினது. வளைக்கிறன், ரப்பர் மாதிரி மடங்குது. கல்சியம் உப்பு கரைஞ்சு, கொலாஜன் எண்ட புரத நார் மட்டும் மிஞ்சியிருக்கு. மற்றது தணலில சுட்டது. நார் எரிஞ்சு உப்பு மட்டும் கிடக்கு, விரலால அமத்த நொறுங்குது. எலும்பு பாரம் தாங்க ரெண்டும் வேணும்.

இது ஒருக்கா வளந்தாப்போல அப்பிடியே கிடக்கிற சாமானும் இல்லை. ஒரு வகைக் கலங்கள் பழைய எலும்பை அரிக்க, இன்னொரு வகை புதுசாக் கட்டிக்கொண்டிருக்கும். வளந்த ஆளின்ரை எலும்பில வருசத்துக்குப் பத்தில ஒரு பங்கு மட்டில இப்பிடி மாறுது.

முறிஞ்ச இடத்தில முதல் இரத்தம் கசிஞ்சு கட்டிபடும். வீக்கமும் வெக்கையும் வரும், ஒட்டுற வேலை அங்கதான் தொடங்குது. ரெண்டு மூண்டு கிழமையில நாரும் குருத்தெலும்பும் வளந்து ரெண்டு முனையையும் பிடிக்கும். நோ குறையிறது இந்த நேரந்தான். ஆனா அதில கல்சியம் இன்னும் வடிவாப் படியேல்லை, எக்ஸ்றேயில இடைவெளி அப்பிடியே தெரியும். இப்ப கழட்டி எண்ணெய் போட்டு உருவினா முனை விலகும், கோணலா ஒட்டும், இல்லாட்டி ஒட்டாமலே போகும். பிளாஸ்டர் அசையாமல் பிடிக்குது, அவ்வளவுதான். பெரியாக்களுக்கு மணிக்கட்டு ஆறு கிழமை மட்டில எடுக்கும். முழங்காலுக்குக் கீழ இருக்கிற பெரிய எலும்பு மூண்டு நாலு மாதம், சிலருக்கு இன்னும் கூட. சின்னப் பிள்ளையளுக்குக் கெதியா ஒட்டும். ஒட்டின இடத்தில இருக்கிற புடைப்பு கரைய மாதங்கள், வருசங்கள் செல்லும். பாரம் விழுற பக்கம் தடிச்சு, விழாத பக்கம் தேயும். யூலியஸ் வூல்ஃப் எண்ட ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் 1892இல எழுதினது இதைத்தான்.

இனிச் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. முதல் ரெண்டு நாளும் வீக்கம் கூடும், கட்டு இளகாது. மோதிரம், காப்பை உடனே கழட்டுங்கோ. கையைத் தலையணியில நெஞ்சுக்கு மேல உயத்தி வையுங்கோ. விரல் நகத்தை வெளுக்கும்வரை அமத்தி விடுங்கோ, ரெண்டு செக்கனுக்குள்ள சிவக்கவேணும். குளிசை போட்டும் நோ கூடிக்கொண்டே போனா, விரலை இன்னொராள் நிமித்தேக்க உயிர் போற மாதிரி நொந்தா, விரல் விறைச்சா, விடியட்டும் எண்டு இருக்காதேங்கோ. உள்ளுக்க அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் குறைஞ்சா சில மணித்தியாலத்தில தசை செத்துப்போகும். பலகை வைச்சு இறுக்கிப் புக்கை கட்டினாலும் இதே ஆபத்துத்தான்.

முறிவு நெரிவு வைத்தியரிட்டப் போறவை எங்கட பக்கம் கனபேர். போறதெண்டாலும் எக்ஸ்றே எடுத்திட்டுப் போங்கோ. தோல் கிழிஞ்ச முறிவு, பிள்ளையின்ரை முழங்கை முறிவு ரெண்டுக்கும் நேர ஆஸ்பத்திரிதான், அதில வேற கதையில்லை. 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அதுவரைக்கும் நிமித்தப் பாக்காமல், முறிஞ்ச இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாமல் மட்டையோ தடியோ வைச்சுக் கட்டுங்கோ. காயத்தைச் சுத்தமான துணியால மூடுங்கோ. சத்திரசிகிச்சை வரலாம், அதால தேத்தண்ணியும் குடுக்காதேங்கோ.

சாப்பாட்டில நெத்தலி, தயிர், குரக்கன், முட்டை சேருங்கோ. சிகரட், பீடியை விடுங்கோ, புகை எலும்பு ஒட்டுறதைப் பிந்தப்பண்ணும். வெளியில இருக்கிற விரலுகளை மணித்தியாலத்துக்கு ஒருக்கா மடக்கி நீட்டுங்கோ. கடிக்குதெண்டு பிளாஸ்டருக்குள்ள ஈர்க்கு விட்டுச் சொறியாதேங்கோ, தோல் உரஞ்சிப் புண்ணாகும். மழையில நனைஞ்சு இளகினாலோ உள்ளுக்கயிருந்து மணந்தாலோ கிளினிக் நாள் வரும்வரை பாத்துக்கொண்டிருக்காமல் அண்டைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கோ.