சொந்த வீட்டுக்கு மாத பட்ஜெட்: இ.எம்.ஐ.யோடு கணக்கு முடிவதில்லை

[திரையில்: தலைப்பு. பின்னணியில் ஒரு அடுக்குமாடியின் மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டிகள்]

வணக்கம். வாடகைக்கு இருக்கும்வரை வீட்டுச் செலவு என்றால் ஒரே ஒரு தொகைதான். ஐந்தாம் தேதிக்குள் அதைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. மோட்டார் எரிந்தாலும் சரி, சுவரில் ஓதம் ஏறினாலும் சரி, ஹவுஸ் ஓனருக்கு ஒரு போன் போட்டால் போதும். சொந்த வீடு வாங்கிய பிறகும் நிறைய பேர் அதே பழக்கத்தில், வாடகை எழுதிய இடத்தில் இ.எம்.ஐ.யை, அதாவது வீட்டுக் கடனின் மாதத் தவணையை, எழுதிவிட்டு மற்றதெல்லாம் பழையபடி ஓடும் என்று இருந்துவிடுகிறார்கள். "வாடகை 18,000 கொடுத்தோம், இப்போ 34,000, கூட ஒரு 16,000தானே, சமாளிச்சிடலாம்." இந்தக் கணக்குதான் நாலைந்து மாதத்தில் கிரெடிட் கார்டில் போய் நிற்கும்.

சொந்த வீட்டின் செலவு மாதாமாதம் வருவதில்லை, அதுதான் விஷயம். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை, இன்சூரன்ஸ் வருடத்துக்கு ஒரு முறை, பெயின்ட் சில வருடங்களுக்கு ஒரு முறை. மோட்டாருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது. அதனால் மாத பட்ஜெட் சரியாக வர வேண்டும் என்றால் முதலில் வருடக் கணக்கைப் போட வேண்டும். அதை ஒரு உதாரணக் குடும்பத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

[திரையில்: செலையூர், 900 சதுர அடி, 2 படுக்கையறை]

தாம்பரம் பக்கம் செலையூரில் 900 சதுர அடி ஃபிளாட். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை. பிடித்தம் எல்லாம் போக இருவர் கைக்கும் வருவது மாதம் 92,000 ரூபாய். வீட்டுக் கடன் 40 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 வருடம். இ.எம்.ஐ. ஏறத்தாழ 34,700. தொகைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.

இவர்கள் கையில் சேமிப்பு எதுவும் மிச்சமில்லை. ஏன் என்றால், தமிழ்நாட்டில் பத்திரம் பதியப் பொதுவாக முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சம் மதிப்புக்கு அதுவே நாலரை லட்சம், அதற்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை, கைக்காசுதான். முன்பணம், பத்திரச் செலவு, கிரகப்பிரவேசம் என்று எல்லாம் போய், சாவி வாங்கும் நாளில் பேங்க் பேலன்ஸ் அநேகமாகப் பூஜ்யம். பட்ஜெட் தொடங்குவது அங்கேயிருந்துதான்.

சரி, முதலில் இ.எம்.ஐ. முதல் மாதம் கட்டும் அந்த 34,700-ல் வட்டிக்குப் போவது சுமார் 28,300. அசல் குறைவது வெறும் 6,400 அளவுக்குத்தான். இருபது வருடமும் இப்படியே கட்டினால் வட்டி மட்டும் 43 லட்சத்தைத் தாண்டும், வாங்கிய கடனை விட அதிகம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, வருடக் கணக்கு ஸ்டேட்மென்ட் வரும்போது "இவ்வளவு கட்டியும் கடன் குறையவே இல்லையே" என்று திகைக்காமல் இருக்கத்தான்.

[திரையில்: ரெப்போ விகிதம், மே 2022 தொடக்கம்: 4 சதவீதம், பிப்ரவரி 2023: 6.5 சதவீதம்]

இந்த வட்டி நிலையானதும் இல்லை. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் புதிதாகத் தரும் ஃப்ளோட்டிங் (வட்டி ஏறி இறங்கும்) வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான வட்டி) மாதிரியான ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ அடுத்த பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. அப்போது பலருக்கு இ.எம்.ஐ. ஏறவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனால் வங்கி தவணைக் காலத்தைச் சத்தமில்லாமல் நீட்டியிருந்தது, 20 வருடக் கடன் 25, 27 என்று போயிருந்தது. 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது: வட்டி மாறும்போது இ.எம்.ஐ.யைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். வங்கியிலிருந்து வரும் அந்த மெயிலைப் படிக்காமல் விடாதீர்கள். கூட ஆயிரமோ இரண்டாயிரமோ கட்ட முடிந்தால் காலத்தை நீட்ட விடாமல் இ.எம்.ஐ.யைக் கூட்டிக்கொள்வதுதான் நல்லது என்பது என் கருத்து. வட்டி குறையும்போது இ.எம்.ஐ.யைக் குறைக்காமல் பழைய தொகையையே கட்டினால் இன்னும் நல்லது.

அடுத்தது மெயின்டெனன்ஸ். இதில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. நிறைய பில்டர்கள் சாவி கொடுக்கும்போதே ஒரு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ மெயின்டெனன்ஸை மொத்தமாக வாங்கிவிடுவார்கள். அதனால் அந்தக் காலம் முழுக்க உங்கள் மாதக் கணக்கில் அந்த வரியே இருக்காது. அப்புறம் ஃபிளாட்காரர்களின் அசோசியேஷன் பொறுப்பேற்றதும் சதுர அடிக்கு இவ்வளவு என்று தொடங்கும். நம் உதாரணக் குடும்பத்துக்கு மாதம் 3,200. இப்போது கேட்கவில்லை என்றாலும் முதல் மாதத்திலிருந்தே அதை எடுத்து வையுங்கள். லிஃப்ட் ரிப்பேர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், வெளிச்சுவர் பெயின்ட் என்று அசோசியேஷன் தனியாக வசூல் கேட்கும் நாள் கட்டாயம் வரும். கோடையில் போர் வற்றினால் தண்ணி லாரிக் காசும் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துத்தான் வரும்.

[திரையில்: காகிதத்தில் கையால் எழுதிய வருடப் பட்டியல்]

இப்போது ஒரு காகிதத்தை எடுங்கள். மாதாமாதம் வராத செலவுகளை மட்டும் எழுதப் போகிறோம். ஸ்கூல் ஃபீஸ் 60,000. மெடிக்கல் இன்சூரன்ஸ், டேர்ம் இன்சூரன்ஸ் இரண்டும் சேர்த்து 37,000. தீபாவளி, பொங்கல் துணிமணி, பலகாரம், சீர் எல்லாம் சேர்த்து 30,000. ஊருக்குப் போய்வர 12,000. ஏ.சி. சர்வீஸ், ஆர்.ஓ. ஃபில்டர் மாற்றுவது 9,000. வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 6,000. சொத்து வரி இரண்டு அரையாண்டுக்கும் 5,000. வீட்டு இன்சூரன்ஸ் 3,000. கூட்டினால் 1,62,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 13,500.

இந்த 13,500 செலவு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. பணம் வெளியே போகும் தேதி மட்டும்தான் பின்னால். இதைச் சேமிப்பு என்று நினைத்து ஏப்ரலில் சோபா வாங்கினால், ஜூனில் ஸ்கூல் ஃபீஸுக்கு நகையை அடகு வைக்க வேண்டிவரும்.

பட்டியலில் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொத்து வரி ஏப்ரலில் ஒரு அரையாண்டு, அக்டோபரில் ஒரு அரையாண்டு தொடங்கும். தொடங்கிய முதல் மாதத்துக்குள்ளேயே, அதாவது ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் கழித்துக்கொள்வார்கள், அதிகபட்சம் 5,000 ரூபாய். வரி ரசீது இன்னும் பழைய ஓனர் பெயரிலோ பில்டர் பெயரிலோ இருந்தால் முதலில் பெயர் மாற்றத்துக்கு எழுதிக்கொடுங்கள், இ.பி. இணைப்புக்கும் அப்படியே.

இன்னொன்று வீட்டு இன்சூரன்ஸ். கடன் வாங்கும்போது வங்கியில் எடுக்கச் சொல்வது பெரும்பாலும் உங்கள் உயிருக்கான கடன் இன்சூரன்ஸ், அதன் மொத்த பிரீமியத்தையும் கடனோடு சேர்த்து அதற்கும் இருபது வருடம் வட்டி வாங்குவார்கள். வீட்டுக்கானது வேறு. தீ, வெள்ளம், புயல் இவற்றுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று ஒரே மாதிரியான நிபந்தனைகளோடு ஒரு பாலிசி 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் கிடைக்கும். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் இது ஆடம்பரம் இல்லை. "நாங்க மூணாவது மாடி" என்று சொல்லாதீர்கள், ஜெனரேட்டரும் லிஃப்ட் மோட்டாரும் கீழேதான் இருக்கின்றன. பொதுப் பகுதிக்கு அசோசியேஷன் பாலிசி எடுத்திருக்கிறதா என்று அடுத்த மீட்டிங்கில் கேளுங்கள்.

வீட்டு ரிப்பேருக்கு என்று தனியாக மாதம் 2,000. புது வீட்டுக்கு எதற்கு என்று தோன்றும். பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் இறங்கி, கீழ்வீட்டுக்காரர் சீலிங்கைக் காட்டிக் கூப்பிடும்போது எதற்கு என்று தெரியும்.

[திரையில்: 92,000-லிருந்து ஒவ்வொன்றாகக் கழியும் கணக்கு]

இப்போது கழித்துப் பார்ப்போம். 92,000-ல் இ.எம்.ஐ. 34,700, மெயின்டெனன்ஸ் 3,200, வருடச் செலவின் மாதப் பங்கு 13,500, ரிப்பேர் 2,000 போக மிச்சம் 38,600. இந்த 38,600தான் இவர்களின் உண்மையான மாதச் சம்பளம். மளிகை, காய்கறி 14,000, பால் 2,400, கேஸ் 1,000, போனும் இன்டர்நெட்டும் 1,800, கரண்ட் 2,000, பெட்ரோல், ட்ரெயின் பாஸ் 4,000, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 5,000. ஆக 30,200. கடைசியில் நிற்பது 8,400.

கரண்டுக்கு 2,000 என்றது இரண்டு மாத பில்லில் பாதி. கோடையில் இரண்டு படுக்கையறையிலும் ஏ.சி. ஓடினால் இது தாங்காது. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் கணக்கு மாறும். 490-க்கும் 510-க்கும் பில்லில் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் தெரியும். ஏப்ரல், மே, ஜூனில் மீட்டரை மாதம் இரண்டு தடவையாவது எட்டிப் பாருங்கள்.

இந்த 8,400-ஐ என்ன செய்வது? ஆறு மாத இ.எம்.ஐ. அளவுக்குக் கையில் காசு வேண்டும், வேலை போனாலும் உடம்புக்கு முடியாமல் போனாலும் வங்கி காத்திருக்காது. அது 2,08,200. மாதம் 8,400 வீதம் சேர்த்தால் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஆகும். ஆமாம், இரண்டு வருடம். அதுவரை வேறு எதுவும் இல்லை.

சிக்கல் வருவதும் இங்கேதான். குடிபோன கையோடு மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், ஃபால்ஸ் சீலிங் என்று இன்டீரியருக்கு 4 லட்சம் பர்சனல் லோன் எடுத்தால், 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதம் 8,900 வரும். மிச்சம் இருந்ததே 8,400! ஒரே கையெழுத்தில் ஐந்து வருட மிச்சமும் போய், மாதம் 500 பள்ளம் வேறு. க்ரில், கொசுவலை, ஃபேன், அடுப்பு மேடைக்குக் கீழே இரண்டு அலமாரி, இவை இருந்தால் குடியிருக்கலாம். மற்றதை வருடத்துக்கு ஓர் அறை என்று தீபாவளி போனஸில் செய்துகொள்ளலாம். வீடு பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்வார்கள்தான், ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தாலும் சொல்லத்தான் போகிறார்கள்.

வரிச் சலுகையை நம்பி பட்ஜெட் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் வருடத்துக்கு 2 லட்சம் வரை கழிவு. புதிய முறையில் அது கிடையாது. பழைய முறையிலேயே இருந்தாலும், வாடகை கொடுக்காததால் எச்.ஆர்.ஏ. (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படி) விலக்கு நின்றுபோகும். இரண்டையும் வைத்துப் பார்த்து, கைக்கு வரும் சம்பளத்தை மறுபடி கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

[திரையில்: இரண்டு பாஸ்புக்]

செய்முறை எளிது. இரண்டு வங்கிக் கணக்கு. சம்பளம் வந்த மறுநாளே 13,500-ம் 2,000-ம் இரண்டாவது கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக்கொடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கை ஜிபே, போன்பே எதிலும் இணைக்க வேண்டாம். ஏலச்சீட்டில் போடலாமா என்று கேட்பீர்கள். பெரிய தொகை சேர்க்க சீட்டு சிலருக்கு உதவுகிறது, ஆனால் தேதி தெரிந்த செலவுக்கு அது சரிவராது, ஜூனில் ஃபீஸ் கட்ட வேண்டும் என்றால் ஜூனில் பணம் கையில் இருக்க வேண்டும், அதற்காக ஏலத்தில் தொகையைத் தள்ளிக் கேட்டு எடுத்தால் நஷ்டம். வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி. போதும்.

ஆறு மாத இ.எம்.ஐ. சேர்ந்த பிறகுதான் கடனை முன்கூட்டிக் கட்டும் பேச்சு. தனிநபர் பெயரில் உள்ள ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்பது விதி. வருடத்துக்கு ஒரு இ.எம்.ஐ. கூடுதலாகக் கட்டினாலே இந்த 20 வருடக் கடன் மூன்று வருடத்துக்கு மேல் முன்னதாக முடியும். கட்டும்போது அந்தப் பணத்தை அசலில் வரவு வைத்து, இ.எம்.ஐ.யைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், புதிய தவணை அட்டவணையையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.