இத்தாலிய முன்னிடைச்சொற்கள்: அட்டவணையை மூடிவிட்டு அடுத்த சொல்லைப் பாருங்கள்

வணக்கம். இத்தாலிய மொழியைக் கற்கத் தொடங்குகிறவர்களை விரைவிலேயே திணறடிக்கும் ஒரு பகுதியை இன்று எடுத்துக்கொள்கிறேன். பெயர்ச்சொல்லுக்கு முன் நின்று நம் வேற்றுமை உருபுகளைப் போல வேலை செய்யும் டி (உடைய), ஆ (-க்கு), டா (-இலிருந்து), இன் (-இல்), ஸு (மேல்) ஆகிய ஐந்து முன்னிடைச்சொற்களை அடுத்து, ஆங்கிலத்தின் the போன்ற ஆர்ட்டிகிள் வந்தால், இரண்டும் தனித்து நிற்காமல் கட்டாயமாக ஒரே சொல்லாகிவிடும். ஆர்ட்டிகிளுக்கு ஏழு வடிவங்கள் இருப்பதால் பாடநூல்கள் 35 கட்டங்கள் கொண்ட அட்டவணையைக் கொடுக்கின்றன. அதை நெட்டுருப் போடுவதால் மட்டும் பேச்சு வராது என்பதே என் உறுதியான கருத்து.

புணர்ச்சியில் வருமொழியின் முதலெழுத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. இங்கும் அடுத்து வரும் சொல்லே வடிவத்தை முடிவு செய்கிறது. மிலானிலிருந்து வெளிவரும் இரு நாளிதழ்களின் பெயர்களைத் திரையில் பாருங்கள். ஒன்று கொரியேரே டெல்லா ஸேரா; மற்றொன்று இளஞ்சிவப்புத் தாளில் அச்சாகும் லா கட்ஸேட்டா டெல்லோ ஸ்போர்ட். மாலை என்று பொருள்படும் ஸேரா பெண்பால் என்பதால் லா என்ற ஆர்ட்டிகிள் வந்து, டி-யோடு சேர்ந்து டெல்லா ஆகிறது. ஸ்போர்ட் ஆண்பால், ஆனால் முதலில் நிற்கும் ஸகரத்தை உடனே மற்றொரு மெய் தொடர்வதால், ஆண்பாலுக்கு வழக்கமான ‘இல்’ என்ற ஆர்ட்டிகிள் பொருந்தாமல் லோ வருகிறது. சூரியனைக் குறிக்கும் ஸோலேயும் ஆண்பால்தான்; அதில் ஸகரத்துக்குப் பின் உயிர் இருப்பதால் டெல் ஸோலே என்றே சொல்ல வேண்டும். டி என்பது டெ ஆகவும் இன் என்பது நெ ஆகவும் திரிவதையும், லகரத்தில் தொடங்கும் ஆர்ட்டிகிள் சேரும்போது லகரம் இரட்டிப்பதையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

வடிவத்தைவிடக் கடினமானது, ஆர்ட்டிகிள் வருமா வராதா என்பதுதான். இத்தாலியில் என்பதற்கு இன் இத்தாலியா போதும். தென்னித்தாலியில் என்று அடை சேர்த்தால் நெல்லித்தாலியா மெரிடியோனாலே ஆகிவிடும். நகரப் பெயர்களுக்குப் பெரும்பாலும் ஆர்ட்டிகிள் இல்லாததால் ரோமுக்கு என்பது ஆ ரோமா. ஆனால் லாக்குயிலா நகரின் பெயரிலேயே ஆர்ட்டிகிள் இருப்பதால் அல்லாக்குயிலா என்கிறார்கள்.

பெர், த்ரா, ஃப்ரா ஆகிய மற்ற முன்னிடைச்சொற்கள் இன்றைய வழக்கில் ஆர்ட்டிகிளோடு ஒட்டுவதில்லை. ‘உடன்’ என்று பொருள்படும் கோன் மட்டும் கோல், கோயி என்று சேர்வதுண்டு, அதுவும் கட்டாயமில்லை.

எனவே எந்தப் பெயர்ச்சொல்லையும் ஆர்ட்டிகிளோடு சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். முதுகுப்பை என்பதை லோ ட்ஸாயினோ என்று சொல்லிப் பழகியபின், என்னோடு சேர்ந்து உரக்கச் சொல்லுங்கள்: டெல்லோ ட்ஸாயினோ, அல்லோ ட்ஸாயினோ, டல்லோ ட்ஸாயினோ, நெல்லோ ட்ஸாயினோ, ஸுல்லோ ட்ஸாயினோ.