பன்றியா, பான்ஜோவா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிப்பதற்குள் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

'புளூகிராஸ் பான்ஜோ கலைஞர்களை ஆளாக்கியது வீடா, மேடையா?' இதுதான் தலைப்பு. புளூகிராஸ் என்பது அமெரிக்க மலைநாட்டு மரபில் வந்த தந்தி வாத்திய இசை வகை. நான் வீட்டின் பக்கம். பான்ஜோ என்றதும் நம்மில் பலருக்குப் பொத்தானை அமுக்கி வாசிக்கும் புல்புல்தாரா நினைவுக்கு வரும். இது வேறு. வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, நீளமான கழுத்து வைத்து, ஐந்து தந்தி பூட்டிய கருவி. அடிமைகளாகக் கொண்டு போகப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு அமெரிக்கா போய், பிறகு அப்பலாச்சியன் மலை வீடுகளுக்குள் நுழைந்தது. வீடுகளுக்குள் என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

எதிரணி அண்ணன் சற்று முன் என்ன சொன்னார்? "அந்த மலையில் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து வாசித்திருந்தால், பன்றியும் கோழியும்தான் கேட்டிருக்கும்" என்றார். கைதட்டலும் வாங்கினார். அண்ணனுக்கு நன்றி. பன்றியை அவராகவே அவைக்குள் ஓட்டி வந்துவிட்டார். இனி நான் அதை விடுவதாக இல்லை.

ரால்ஃப் ஸ்டான்லி, புளூகிராஸ் பான்ஜோ கலைஞர். 1927இல் வர்ஜீனியா மாநிலத்தின் மலைப்பக்கம், டிக்கன்சன் மாவட்டத்தில் பிறந்தவர். பதினைந்து, பதினாறு வயதில் அவருக்கு இரண்டு ஆசைகள். ஒரு பன்றிக்குட்டி வாங்கி வளர்க்க வேண்டும். கால்நடை மருத்துவராகலாமா என்ற நினைப்பும் உள்ளே இருந்தது. இன்னொன்று, உறவுக்காரப் பெண்மணி ஒருவர் விலைக்கு வைத்திருந்த பழைய பான்ஜோ. பன்றியும் 5 டாலர், பான்ஜோவும் 5 டாலர். அம்மா லூசி கேட்டார்: "இரண்டும் வாங்க முடியாது. எது வேண்டும்?" பையன் பான்ஜோ என்றான்.

கேட்பதற்குச் சின்னக் கதை. ஆனால் அந்த அம்மாவின் இடத்தில் நின்று இதை மறுபடி பாருங்கள். மலைநாட்டில் பன்றி என்றால் என்ன? குளிர்காலம் முழுவதற்கும் கறி. சமையலுக்குக் கொழுப்பு. குட்டி போட்டால் கையில் நாலு காசு. அன்றைய 5 டாலர் பிற்காலத்து ஐயாயிரம் டாலருக்குச் சமம் என்று ரால்ஃபே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட வீட்டில், தராசின் ஒரு தட்டில் கறியும் கொழுப்பும் காசும். இன்னொரு தட்டில் தோலும் தந்தியும். எந்த அம்மாவும் பன்றிப் பக்கம் லேசாக ஒரு விரலை வைத்து அழுத்தியிருப்பார். லூசி அம்மா அழுத்தவில்லை. பையன் சொன்னதைக் கேட்டார். அவ்வளவுதான்.

பணத்துக்கு என்ன செய்தார்? வீட்டில் சின்னதாக ஒரு மளிகைக் கடை இருந்தது. பான்ஜோவைக் கொடுத்த பெண்மணி 5 டாலருக்கும் மளிகைச் சாமானாகவே எடுத்துக்கொண்டார். நடுவர் அவர்களே, உலகம் கொண்டாடிய ஒரு கலைஞனின் முதல் வாத்தியத்துக்கு விலை, ஒரு வீட்டின் அரிசி பருப்பு மாதிரி! எந்த மேடை அதைக் கொடுத்தது?

கதை இன்னும் முடியவில்லை. வாத்தியம் வாங்கிக் கொடுத்துவிடலாம். சுருதி கூட்டிக் கொடுப்பது யார்? லூசி அம்மாவோடு பிறந்தவர்கள் 11 பேர். அத்தனை பேருக்கும் ஐந்து தந்தி பான்ஜோ வாசிக்கத் தெரியும். பீன்ஸ் நார் உரிக்க அக்கம்பக்கத்தார் கூடும் இடங்களில் வாசித்துப் பழகிய கை லூசி அம்மாவுடையது. விரலை மடக்கி, நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டும் பழைய முறை. பையன் கையிலிருந்த பான்ஜோவை வாங்கிச் சுருதி கூட்டி, ஒரு பாட்டை வாசித்துக் காட்டினார். பையன் கற்ற முதல் பாடம் அது. இப்போது சொல்லுங்கள் அண்ணே, அந்த வீட்டில் பான்ஜோவைக் கேட்டது பன்றியா? பன்றியை வாங்கவே இல்லையே!

சரி, இன்னொரு புளூகிராஸ் பான்ஜோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸுக்கு வருகிறேன். "நூல் ஆலையில் மணிக்கு 40 சென்ட் கூலிக்கு நின்றவரை, 1945 கடைசியில் புளூகிராஸ் இசைக்குழு நடத்திய பில் மன்ரோவின் மேடைதான் தூக்கிவிட்டது" என்றார் அண்ணன். மேடை தூக்கியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூக்கும்போது அவர் விரல்களில் என்ன இருந்தது? வடக்கு கரோலினா வீட்டில், பத்து வயதில், அண்ணன் ஹோரஸோடு சண்டை போட்டுக்கொண்டு தனி அறையில் உட்கார்ந்து வாசித்தபோது, தன் மூன்று விரல்களும் ஓடுவதைத் திடீரென்று கவனித்தாரே, அது இருந்தது. ஏர்லுக்கு நான்கு வயதாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். தாளம் சொல்லித்தர ஆள் இல்லை. அண்ணனும் தம்பியும் என்ன செய்வார்கள் தெரியுமா? வீட்டு முன்னால் ஒன்றாக ஒரு பாட்டைத் தொடங்கி, ஆளுக்கொரு பக்கமாக வாசித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி நடப்பார்கள். திரும்பச் சந்திக்கும்போது இருவரும் ஒரே தாளத்தில் இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அந்த வீடுதான் அவர்களுக்குத் தாளக்கருவி. 1955இல், ஏர்ல் தன் அம்மாவுக்கு உடல் மோசம் என்று கேட்டு, மனைவி குழந்தைகளோடு இரவோடு இரவாகக் காரை எடுத்தார். வழியில் விபத்து. இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு தொடை மூட்டும் விலகின. இசை நகரமான நாஷ்வில் மேடையில் அப்போது அவர் புகழ்பெற்ற மனிதர். ஆனாலும் அந்த நடுராத்திரியில் அவர் ஓடியது வீட்டுக்கு.

எதிரணி அண்ணன் கையில் இன்னொரு சீட்டு இருக்கிறது. 2002இல் ரால்ஃபுக்குக் கிராமி விருது, 75 வயதில். மேடையின் பரிசு என்பார். விருது வாங்கித் தந்த பாட்டில் பான்ஜோ இல்லை. எந்த வாத்தியமும் இல்லை, வெறும் தொண்டை. வாத்தியத்தை உள்ளே விடாத பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் என்ற கிறித்தவ சபைக்குச் சின்ன வயதில் வீட்டாரோடு போய்க் கேட்ட பாடல்முறை அது.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். 1946இலிருந்து ரால்ஃபோடு கிதார் வாசித்துப் பாடியவர் அண்ணன் கார்ட்டர். கூட்டத்தோடு பேசுவது, சிரிக்க வைப்பது எல்லாம் அவர்தான். ரால்ஃப் கூச்சக்காரர், அண்ணனின் தோளுக்குப் பின்னால் நின்றே பழகியவர். 1966 டிசம்பரில் கார்ட்டர் இறந்தார். வயது 41. அப்புறம் ஏறிய ஒவ்வொரு மேடையிலும் ரால்ஃபுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலி. தொடர்வதா, விடுவதா என்று தவித்தார். தொடர்ந்தார், கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள்.

கார்ட்டரைப் புதைத்தது அவர்கள் வளர்ந்த ஸ்மித் ரிட்ஜ் குன்றில். 1971இலிருந்து ஆண்டுதோறும் ரால்ஃப் அந்தக் குன்றிலேயே இசை விழா நடத்தினார். ஊர் ஊராகத் தேடிப் போன மேடையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து போட்டார், அண்ணனுக்குக் கேட்கிற தூரத்தில். 2016இல் அவர் இறந்தபோது, அவரையும் அங்கேயே கொண்டுவந்து அண்ணனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

வணக்கம்.